பெரியோர்களேக்கு ஒரு செம்புத் தண்ணீர்

கரடிக்கு முன்னால் நின்று சொற்பொழிவு ஆற்றிவிட்டு உயிரோடு வீடு திரும்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பெரியோர்களே. சந்தேகப்படுகிறவர்கள் கொல்லிமலைக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். கரடியை விசாரிக்க முடியாது. அன்றைக்கு அது ஓடிய வேகத்தில் எந்த ஜில்லாவில் போய் நின்றதோ, யாருக்கும் தெரியாது.

‘பெரியோர்களே’ என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பள நாளில் அதை எழுதிக் கையெழுத்து வாங்கியவனே நான்தான். ஆனாலும் இப்போது எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாலும் நினைவுக்கு வர மறுக்கிறது. அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் “பெரியோர்களே, தாய்மார்களே!” என்று ஆரம்பித்துத்தான் கேட்பார். எருமை வழியை மறித்தாலும் அதே கதைதான். நாளடைவில் அதுவே அவர் பெயராக நின்றுவிட்டது. பெயரே பன்மையில் இருந்ததால் யாராலும் அவரை வாடா, போடா என்று கூப்பிட முடியவில்லை. எங்கள் ரேஞ்சர் சொந்த மாமனாரையே ஒருமையில் பேசுகிறவர். அவர்கூட “பெரியோர்களே, கொஞ்சம் இங்கே வாங்க” என்றுதான் அழைப்பார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நான் சேந்தமங்கலத்துக்காரன். மலைமேல் ஃபாரஸ்ட் ஆபீஸில் ரைட்டர் உத்தியோகம். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மலையேறுவதற்குச் சாதாரண மனிதர்களுக்குக் கால், துரைமார்களுக்கு டோலி. பெரியோர்களே அதே ஆபீஸில் வாட்சர். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு ‘நாடு’ என்பார்கள்; அப்படிக் குண்டனி நாட்டில் சாமையும் மிளகும் விளைவிக்கிற வீட்டின் கடைசிப் பிள்ளை. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத மீசை, இரண்டுக்கும் பொருந்தாத குரல்.

பேச்சு வியாதி அவருக்குத் தொற்றியது எங்கள் ஊர்ச் சந்தையில்தான். மிளகு விற்க இறங்கி வந்திருக்கிறார். கதர்ச் சட்டை போட்ட யாரோ ஒருவர் மாட்டுவண்டியின் மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தாராம்.

“அத்தன சனமும் வாய மூடிக்கிட்டு ஒருத்தரு வாயவே பாத்துட்டு நின்னுதுங்க ரைட்டரே. எங்கூட்டுல நான் சோறு போடுங்கன்னு கேட்டாக்கூட ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. மனுசனாப் பொறந்தா இப்படிப் பேசோணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டனுங்க!”

“அவர் எதைப் பத்திப் பேசினாருங்க?” என்று கேட்டேன்.

“அது எங்கீங்க காதுல விழுந்துது? கடைசியில நின்னனுங்க. கைய ஆட்டறது மட்டுந்தான் தெரிஞ்சுது.”

ஆக, பேச்சுக் கலையின் முதல் பாடத்தை அவர் காதால் கேட்காமல் கண்ணால் கற்றவர். கை வீச்சில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம்பினார். ஒருமுறை மிளகுக்கொடியில் ஏணி போட்டு ஏறியிருந்தபோது, கீழே நின்ற அண்ணனுக்கு ஏதோ விளக்கப் போய், இரண்டு கையையும் விரித்துவிட்டார். விழுந்த இடத்தில் சாணிக்குவியல் இருந்ததால் பேச்சு தடையில்லாமல் தொடர்ந்தது.

மற்றப் பாடங்களைப் பிற்பாடு சந்தையில் அங்கே இங்கே கேட்டுச் சேர்த்துக்கொண்டார். கடைசி ஆள் காதிலும் குரல் விழ வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். தினமும் காலையில் பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்து ஊருக்குப் பேசுவார். அந்த ஊர்க்காரர்கள் ஆபீஸுக்கு வந்து புகார் செய்தார்கள். பேச்சின் நடுவே கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்று இன்னொருவர் சொல்லிக்கொடுத்தார். இவர் நிறுத்தினால் பேச்சு முடிந்தது என்று கூட்டம் கலைந்து போகிற அளவுக்கு நிறுத்துவார். தண்ணீர் குடிப்பதற்காகக் கையில் எந்நேரமும் ஒரு பித்தளைச் செம்பு. கேட்கிறவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். அதையும் அப்படியே செய்தார். பாதிப் பேச்சில் இறங்கி வந்து கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, தான் நின்ற காலி இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ம், நல்லாத்தான் இருக்குது” என்று தலையாட்டியபடி எழுந்துபோய் மிச்சத்தைப் பேசுவார்.

பலாக் காலத்தில் பறித்துப் போட்ட பழங்களை வரிசையாக அடுக்கி வைத்து அவற்றின் முன்னால் பேசிப் பழகுவார். “நல்ல சபைங்க. நடுவுல ஒண்ணுகூட எந்திரிச்சுப் போகாதுங்க” என்று சான்றிதழும் கொடுப்பார்.

ரேஞ்சர் மட்டும் பயந்துகொண்டே இருந்தார். “எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. ‘சுதந்திரம்’னு ஒரு வார்த்தை வாயிலே வந்தது, உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு” என்று எச்சரித்து வைத்திருந்தார். அதனால் பெரியோர்களே சர்க்காருக்குத் தொந்தரவில்லாத விஷயங்களையே எடுத்துக்கொண்டார். சந்தையில் விற்கிறவர் முதலில் விலை சொல்ல வேண்டுமா, வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டுமா? சொறி வந்தால் மேலிருந்து கீழாகச் சொறிவதா, கீழிருந்து மேலாகவா? இப்படிப்பட்ட விஷயங்கள்.

நியாயமாகச் சொன்னால், அவரைப்போன்ற வாட்சர் அந்தக் காட்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திருட்டு மரம் வெட்டுகிறவர்களை மற்ற வாட்சர்கள் விரட்டிப் பிடிப்பார்கள். இவர் விரட்ட மாட்டார். ஒரு பாறைமேல் ஏறி நின்று “பெரியோர்களே!” என்பார். வெட்டிய மரத்தையும் கோடாலியையும் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கரடி விஷயமும் இப்படித்தான் நடந்தது. ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்து நின்றது. இவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். எவ்வளவு நேரம் கேட்டது என்று நான் விசாரித்தபோது, “முன்னுரையிலேயே போயிருச்சுங்க” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஒருமுறை பெரிய துரை மலைக்கு வந்தார். வரவேற்புரை பெரியோர்களே, நன்றியுரை நான் என்று ரேஞ்சர் ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு நாலு பேர் முன்னால் எழுந்து நின்றாலே முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். அதற்கு முந்தின வாரமே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியோர்களே தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். வரவேற்கிறான் என்றார் ரேஞ்சர். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, இப்போது என்ன சொல்கிறான் என்றார் துரை. இன்னும் வரவேற்றுக்கொண்டுதான் இருக்கிறான் என்றார் ரேஞ்சர். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. எதிரே நிற்கிறவர் முகம் தெரியாத பனி. அது விலகியபோது துரையைக் காணோம், ரேஞ்சரைக் காணோம், டோலி தூக்குகிறவர்களையும் காணோம். பெரியோர்களேயும், அவருடைய செம்பைப் பிடித்துக்கொண்டிருந்த நானும்தான் மிச்சம். நன்றியுரைக்கு அவசியமே இல்லாமல் போனது. அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனிப் பிரியம்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அவர் ஆபீஸுக்குள் வந்து, வழக்கமான தொடக்கம் எதுவும் இல்லாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குப் பகீர் என்றது.

“ரைட்டரே, ஒருத்தி என் பேச்ச முழுசாக் கேட்டுப்போட்டாளுங்க.”

“என்னது, முழுசாவா?”

“ஆமாங்க. கடேசி வரைக்கும். முடிச்சதுக்கப்பறம், ‘அப்புறம்?’னு வேற கேட்டாளுங்க.”

பெண்ணின் பெயர் கொழந்தாயி, அரியூர் நாட்டுக்காரி. மலைச்சந்தையில் இவர் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிப் பேசியிருக்கிறார். கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. அவள் மட்டும் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டாளாம். அந்தக் கூடை அவளுடையது என்பதையும், இவர் இறங்கினால்தான் அவள் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும் என்பதையும் சந்தையில் இருந்த வேறு ஆட்கள் எனக்குச் சொன்னார்கள். நான் அவரிடம் சொல்லவில்லை. மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

“கட்டுனா அந்தப் புள்ளையத்தான் கட்டோணும். பொண்ணு கேக்கப் போறமுங்க. எங்க பக்கத்துக்குப் பேசறது நீங்கதானுங்க” என்றார்.

“நானா? ஏனுங்க, இந்த மலையிலேயே பெரிய பேச்சாளர் நீங்க இருக்கறப்ப நான் எதுக்கு?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த வழக்கம் தெரியவந்தது. அவர்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. பெண் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியைத் தாண்டி வெளியே வருகிறவரை ஊமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்காகப் பேசுவது கூடப் போகிற ஆள். இதில் பெண் வீட்டாருக்கு ஒரு சலுகை உண்டு. மாப்பிள்ளையைப் பேசவைக்க அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சீண்டலாம். நாளைக்கு மாமனார் வீட்டில் ஒரு சொல் தடித்தால் பொறுத்துப் போகிறவனா என்று பார்க்கிற சோதனையாம்.

“வாயத் தொறந்துட்டா?” என்று கேட்டேன்.

“எந்திரிச்சு வந்தரோணும்ங்க. மறுக்கா அந்த வாசல்ல பொண்ணு கேட்டுக் கால் வெக்கக் கூடாது. ஒரே வாட்டிதானுங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மலையில் வேறு எவனுக்கும் இது ஒரு சோதனையே இல்லை. இவருக்கோ, மீனைக் கரையில் உட்கார் என்று சொன்ன மாதிரி. போதாக்குறைக்குக் கொழந்தாயியின் அப்பா பேச்சையே வெறுக்கிற மனிதர். காலையில் பேசிய வார்த்தைக்குச் சாயங்காலம் வருத்தப்படுகிற ரகம். “அந்த வாய்க்குப் பொண்ணக் குடுத்தா என் புள்ள காது என்னாவறது?” என்று அவர் யாரிடமோ சொன்னதாகவும் கேள்வி. அவர் அவ்வளவு நீளமாகப் பேசினார் என்பதிலிருந்தே விஷயத்தின் தீவிரம் புரிந்தது.

பெரியோர்களே மௌனப் பயிற்சியில் இறங்கினார். வாயில் ஒரு முழு நெல்லிக்காயை அடக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வருவார். கேட்டதற்கெல்லாம் கையால் பதில். அந்த நிசப்தத்தில் எங்களுக்கு வேலையே ஓடவில்லை. ரேஞ்சர் கூட்டல் கணக்கில் தப்புச் செய்தார். காட்டில் மரம் வெட்டுகிறவர்களுக்குக் குளிர்விட்டுப் போனது. பாறைமேல் ஏறி நின்று இவர் வெறுமனே முறைத்ததைப் பார்த்து, வெட்டிக்கொண்டிருந்தவனே கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, “ஏனுங்க, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா? எங்கூட்டுக்கு வாங்க, மொளகு ரசம் வெச்சுத் தாரேன்” என்று கூட்டிக்கொண்டு போனானாம்.

சாயங்காலத்தில் மட்டும் நெல்லிக்காயைத் துப்பிவிட்டு எனக்குப் பாடம் நடத்துவார். அவருக்காக நான் பேச வேண்டிய பேச்சை அவரே தயாரித்து மனப்பாடம் செய்யவைத்தார். தொடக்கம் அவருடைய வழக்கமான தொடக்கம்தான். “முன்னால இருக்கறவங்கள்ல ஒரு மொகத்தப் பாத்துக்கோங்க. அவங்களுக்கு மட்டும் பேசறாப்ல பேசுங்க. பயம் போயிரும்” என்று தைரியம் சொன்னார். நான் ராத்திரித் தூக்கத்தில் “தாய்மார்களே” என்று உளறுகிறேன் என்று என் மனைவி வீட்டில் புகார் சொல்கிற அளவுக்குப் படித்தேன்.

அந்த நாளும் வந்தது. பெரியோர்களேயின் சித்தப்பன்மார், நான், நடுவே புது வேட்டியில் பெரியோர்களே. வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. அரியூர் நாட்டில் கொழந்தாயி வீட்டு வாசலில் பெரிய பலாமரம். அடியில் பாய் விரித்திருந்தார்கள். அடிமரத்தை ஒட்டிக் கொழந்தாயியின் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே நாங்கள். கொழந்தாயி வீட்டுக்குள் இருந்தாள். சாத்திய கதவின் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

சீண்டல் ஆரம்பித்தது.

“ஏனுங்க, மாப்பிள்ளைக்கு நாக்கு இருக்குதுங்களா? நீட்டிக் காட்டச் சொல்லுங்க பாப்போம்” என்றது ஒரு குரல்.

“குண்டனி நாட்டுல மொளகுக்கொடி மரத்துல ஏறாதாமுங்க. அங்கத்த சனம் மாதிரியே படுத்தே கெடக்குமாமா?” என்றது இன்னொரு குரல்.

பெரியோர்களேயின் காது இரண்டும் சிவந்தன. வாய் திறக்கவில்லை. அடுத்து எழுந்தவள்தான் கெட்டிக்காரி, கொழந்தாயியின் அத்தை. “மாப்பிள்ளை சந்தையில பேசறாராமல்ல? நானும் பேசறனுங்க, கேளுங்க” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அதாகப்பட்டதுங்க… என்னமோ சொல்ல வந்தனுங்க… மறந்து போச்சுங்க… அட, அத உடுங்க…” என்று முணுமுணுவென்று பேசிக்கொண்டே போனாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊர்ச் சனத்தைத் திட்டியதைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களேக்கு, கண்ணெதிரே ஒரு பேச்சு இப்படிக் கொலை செய்யப்படுவதைப் பொறுக்க முடியவில்லை. உதடு துடித்தது. கை தானாக உயர்ந்து, திரும்பி நில், குரலை எடு என்று சைகை காட்டியது. நான் அவர் தொடையைக் கிள்ளினேன். நல்ல வேளையாக அத்தைக்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க பக்கத்துல யாருங்க பேசறது?” என்றார்கள்.

எழுந்தேன். ஒரு முகத்தைப் பார் என்று சொல்லியிருந்தாரே என்று நிமிர்ந்தேன். போயும் போயும் என் கண்ணில் பட்டது கொழந்தாயியின் அப்பா முகம். பாறையில் ஈரம் இருந்தாலும் இருக்கும், அந்த முகத்தில் இல்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. பெரியோர்களே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கை என் வாயில் இருந்தது.

“எனக்குப் பேச வராதுங்க” என்றேன். அதுதான் உண்மை. “இவரு நெறையப் பேசுவாருங்க. இல்லைன்னு சொன்னா அது பொய். பக்கத்து நாற்காலியில உக்காந்து தெனமும் கேட்டிருக்கேன். யாரைப் பத்தியும் ஒரு தப்பு வார்த்தை பேசிக் கேட்டதில்லீங்க. எனக்கு மலைக்காய்ச்சல் வந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தப்ப, டோலியில போட்டுச் சேந்தமங்கலத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கண்ண மூடிட்டா அவ்வளவுதான்னு வைத்தியர் சொல்லியிருந்தாரு. இவரு பக்கத்துலயே நடந்து, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் என்கிட்டப் பேசிட்டே வந்தாருங்க. என்ன பேசினாருன்னு ஞாபகமில்லை. ஆனா அந்தச் சத்தத்துல நான் கண்ண மூடலீங்க. அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னால நின்னுட்டிருக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொழந்தாயியின் அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் பெரியோர்களேயைப் பார்த்தார். அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, “தண்ணி” என்றார்.

கதவு இடுக்கில் இருந்த கண் மறைந்தது. சித்தப்பன்மார் மூச்சு விட்டார்கள். இனி அவள் செம்போடு வாசற்படியைத் தாண்டினால் போதும். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பெரியோர்களே மட்டும் சிரிக்கவில்லை. வாயைக் கட்டிப்போட்டதாலோ என்னவோ, அன்றைக்கு அவருடைய கண்ணும் காதும் கூர்மையாகியிருந்தன. அவர் மரத்தின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கொழந்தாயி அப்பாவின் தலைக்கு நேர் மேலே ஓர் ஆட்டுக்குட்டி அளவுக்குப் பலாப்பழம் ஒன்று தொங்கியது. அதன் காம்பு முறிந்து சாய்ந்துகொண்டிருந்தது.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் “நகருங்க” என்று ஒரு வார்த்தை கத்தியிருப்பான். பெரியோர்களே துள்ளி எழுந்தார். இரண்டு கையையும் விரித்தார். பள்ளம் தாண்டி ஒலிக்கிற அந்தக் குரலில், “பெரியோர்களே! தாய்மார்களே!” என்று முழங்கினார்.

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். கொழந்தாயியின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை தூரம் வந்து இப்படிச் செய்துவிட்டானே என்கிற கோபத்தில் விருட்டென்று எழுந்து, எங்களைப் போகச் சொல்ல இரண்டெட்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால், அவர் உட்கார்ந்திருந்த பாயின்மேல், தொப்பென்று விழுந்தது பழம். நிலம் அதிர்ந்தது. சுளை தெறித்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

கொழந்தாயியின் அப்பா திரும்பிப் பாயைப் பார்த்தார். பிளந்து கிடந்த பழத்தைப் பார்த்தார். தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“இருந்தாலும் வாயத் தொறந்துட்டாருங்களே” என்றாள் அத்தை. குரலில் கேலி இல்லை. அவளுக்கும் வருத்தம்தான். ஆனால் வழக்கம் வழக்கம்தானே? சித்தப்பன்மார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். பெரியோர்களே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மறுபடி கால்வைக்க முடியாத வாசல் அது. அந்த மனிதரை அப்படி ஒரு நிலையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நாந்தான் சொம்போட வாசப்படி தாண்டிட்டனே” என்றது ஒரு குரல்.

கொழந்தாயி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் செம்பு. ஓடி வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. “நான் தாண்டுனதுக்கு அப்பறந்தான் அவரு பேசுனாரு. நீங்க எல்லாரும் பழத்தப் பாத்தீங்க. என்னய யாரு பாத்தீங்க?”

யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. அவள் நேராக வந்து செம்பைப் பெரியோர்களேயிடம் நீட்டினாள். பக்கத்தில் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். செம்பில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. குரல் கேட்ட உடனே, நடக்கப்போகிறது இன்னதென்று புரிந்து, கையில் அகப்பட்ட காலிச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

நம் பக்கத்தில் செம்பை உயர்த்திப் பிடித்து, அண்ணாந்து, வாயில் படாமல்தான் தண்ணீரை ஊற்றிக் குடிப்போம். அப்படிக் குடித்தால் குட்டு உடைந்துவிடும். பெரியோர்களே செம்புக்குள் ஒரு கணம் பார்த்தார். கொழந்தாயியை ஒரு கணம் பார்த்தார். பிறகு செம்பை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டில் வைத்து, மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தார். தொண்டை ஏறி இறங்கியது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மறுபடி குடித்தார். கடைசியில் “ஆ…” என்று ஒரு பெருமூச்சு விட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பேச்சின் நடுவே தண்ணீர் குடித்துப் பழகியதெல்லாம் இந்த ஒரு செம்புக்காகத்தான் போலும்.

“ஐயோ, சொம்ப எச்சி பண்ணிப்போட்டாருங்களே!” என்றாள் அத்தை.

கொழந்தாயியின் அப்பா அந்தச் செம்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அந்த வறண்ட மீசை தெரியாமல் இருந்திருக்காது. “பண்ணட்டும். நம்மூட்டு மாப்பிள்ளைதான?” என்றார்.

அவர் வாழ்நாளில் பேசிய நல்ல பேச்சு அதுதான் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

ஆரவாரம் அடங்கியதும், “மாப்பிள்ளை, இனிப் பேசுங்க! ஆசை தீரப் பேசுங்க!” என்று அத்தையே கூப்பிட்டாள். பெரியோர்களே எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். கொழந்தாயி பக்கம் ஒருமுறை பார்த்தார். “பெரியோர்களே…” என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவ்வளவுதானுங்க” என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் குறையைத் திரும்பி வருகிற வழி முழுக்க என்னிடம் தீர்த்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவர் பேச, அவள் சாமை புடைத்துக்கொண்டே “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கண்ணு, நெசத்தச் சொல்லு. அன்னைக்குச் சந்தையில கூடை வேணும்னுதான உக்காந்திருந்த?”

“கூடை பழசுங்க, விளிம்பெல்லாம் பிஞ்சது. உட்டுப்போட்டே போயிருக்கலாமுங்க” என்றாள். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு மாற்றலாகி மலையிறங்கி வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் தெருமுனையில் மாதத்துக்கு ஒரு கட்சியாவது மேடை போடுகிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. வீட்டில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துகிறார்கள். “பெரியோர்களே, தாய்மார்களே!” என்று அது தொடங்கினால், நான் மட்டும் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.